அகத்தாவின் உடையாத எண்

பதினேழாவது மரத்தில் மிச்சம் ஐந்து. பட்டையைச் சீவி, பால் கோட்டோரமாக இறங்கி மங்குக்குள் சொட்டத் தொடங்கியதும் "அஞ்சு" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு அகத்தா நகர்ந்தாள். பதினெட்டாவது மரத்தில் அவளுக்குக் கணக்கு கிடையாது, கைவேலை மட்டும்தான். பத்தொன்பதில் மறுபடி உதடு அசைந்தது. மிச்சம் பதினான்கு. பக்கத்து நிரையில் மரம் சீவும் செல்லாயி, அகத்தா ஜெபமாலை சொல்கிறாள் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்தபோது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

லூனாஸ் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் இருந்தது அந்தப் பால்மரத் தோட்டம். எழுபதுகளின் நடுவில் அகத்தாவுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, உரத்த குரல், சட்டை முழுக்கப் பால் தெறித்துக் கறுத்த கறை. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அங்கே கற்றதில் வகுத்தல் ஒன்றுதான் அவள் மனத்தில் ஒட்டிக்கொண்டது. கூட்டலும் பெருக்கலும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள், போட்டால் விடை வந்துவிடும். வகுத்தலில்தான் சண்டை இருக்கிறது, ஒன்று மடங்கிக்கொடுக்கும், இல்லையென்றால் மிச்சத்தை வைத்துக்கொண்டு முறைக்கும் என்பாள். முறைக்கிற எண்களைத்தான் அவளுக்குப் பிடிக்கும்.

குலிம் பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் அதிலிருக்கும் எண்ணை இறங்குவதற்குள் உடைத்துப் பார்த்துவிடுவாள். கோவிலில் பாட்டு எண்ணைப் பலகையில் மாட்டினால் மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டுவார்கள், இவள் கூரையைப் பார்த்துக்கொண்டு ஏழிலும் பதினொன்றிலும் போட்டுக்கொண்டிருப்பாள். எண்ணோடு இத்தனை பழக்கம் இருப்பவளிடம் நாலு நம்பர் குலுக்கலுக்கு எண் கேட்காமல் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் விடுவார்களா? சம்பள நாளன்று வாசலில் வந்து நிற்பார்கள். "அதிர்ஷ்டத்துக்கும் கணக்குக்கும் என்னய்யா சம்பந்தம்? போய் உங்க டூயிட்டுக் காசைப் பிள்ளைக்குச் செலவு பண்ணுங்க" என்று விரட்டுவாள். அவளுடைய கணவன் மோரிஸ் மட்டும் அவளுக்குத் தெரியாமல் ஓரிரண்டு முறை எண் கட்டிப் பார்த்து, தோற்று, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான்.

இந்தச் சில்லறை எண்களெல்லாம் பொழுதுபோக்கு. அவளுக்கென்று ஓர் எண் இருந்தது. தொழிற்சங்கத்தில் சேர்ந்தபோது கொடுத்த அட்டையில் 232327 என்று அச்சடித்திருந்தது. அதை வாங்கிய அன்றே உரசிப் பார்த்தாள். ஒற்றைப்படை. ஐந்தில் முடியவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் பத்தொன்பது, ஆகவே மூன்றிலும் போகாது. ஏழில் போட்டாள், மிச்சம் நாலு. பதின்மூன்றிலும் நாலு. இருபத்துமூன்றில் நாலு, முப்பத்தேழில் நாலு. ஏன் எதில் போட்டாலும் நாலே வந்து நிற்கிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டு திரிந்தாள். ஒரு நாள் பால் சேர்த்துக்கொண்டு வரும்போதுதான் பிடிபட்டது. இருபத்துமூன்றை மூன்று தடவை வரிசையாக எழுதினால் வருகிற 232323 அந்த நான்கு எண்களிலும் மிச்சமே இல்லாமல் போகிறது. தன் எண் அதைவிட நாலு கூடுதல், அவ்வளவுதான். நாலு என்ற பேச்சை எடுத்தாலே சாவுக்குறி என்று முகம் சுளிக்கும் மளிகைக்கடைச் சீனரிடம் போய், "எங்க வீட்டுல நாங்க நாலு பேரு, அதான் தவுக்கே, நாலு வருது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதன் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. தன் எண் எதிலாவது உடையுமா, இல்லை எதிலுமே உடையாத பகா எண்ணா என்று தெரிந்தாக வேண்டும். எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்பதையும் அவளே யோசித்துக் கண்டாள். ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கமாக உடைந்தால் அதில் சின்னது ஓர் எல்லைக்குள்தான் இருக்கும். நானூற்று எண்பத்திரண்டை அதே எண்ணால் பெருக்கினால் தன் எண்ணுக்கு மூன்றுதான் குறைகிறது. நானூற்று எண்பத்துமூன்றைப் பெருக்கினால் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே நானூற்று எண்பத்திரண்டு வரை பார்த்தால் போதும். அவளுக்கு ஒதுக்கிய வெட்டில் மரங்கள் நானூற்று எண்பத்தாறு. இரண்டும் இத்தனை கிட்டே வந்ததில் அவளுக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. யாரோ வெள்ளைக்காரன் தனக்காகவே எண்ணி நட்டுவிட்டுப் போனதுபோல நடந்துகொண்டாள்.

மரத்துக்கு ஒரு வகுத்தல். ஏழாவது மரத்தில் ஏழு, நூற்று ஒன்றாவது மரத்தில் நூற்று ஒன்று. இரட்டைப்படை மரங்களையும் ஐந்தில் முடிகிற மரங்களையும் விட்டுவிடுவாள். பெரிய எண்கள் வரவர ஒரு காலையில் ஐந்தாறு மரங்களுக்கு மேல் ஓடாது. தாளில் எழுதியதில்லை, பால் பிசுக்குக் கையில் தாள் எங்கே நிற்கும்? எந்த மரத்தில் என்ன மிச்சம் வந்தது என்று கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வாள். கடைசியில் நானூற்று எழுபத்தொன்பதாவது மரத்தில் நின்றாள். மிச்சம் பன்னிரண்டு. நானூற்று எண்பத்தொன்று பதின்மூன்றிலேயே அடங்கிவிடும், அதற்கு மேல் பார்க்க எதுவும் இல்லை. உளியை மரத்தடியில் வைத்துவிட்டு, சுற்றிலும் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் தட்டினாள்.

அது எழுபத்தேழாம் ஆண்டு, தோட்டத்துக் கோவிலின் திருவிழாவுக்கு முந்தின வாரம். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி டக்ளஸ் அதே கோவிலில் பாட்டுக் குழுவில் இருப்பவர். அகத்தாவுக்கு வயதில் இளையவர். எண்களைப் பற்றிப் பேச அவளுக்குத் தோட்டத்தில் இருந்த ஒரே ஆள். திருவிழா விருந்தின் நடுவே அவர் மைக்கைப் பிடித்து, நம் அகத்தாக்காவின் சங்க நம்பர் உலகத்தில் எந்த எண்ணாலும் உடையாத நம்பர் என்று அறிவித்துவிட்டார். பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கைதட்டினார்கள். அகத்தா எழுந்து நின்றாள். "எந்தக் கொம்பன் வந்தாலும் உடைக்க முடியாது லா" என்றாள். முன்வரிசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் பசுபதிகூடச் சிரித்தார். அன்றிலிருந்து லயத்தில் அவள் பெயரே உடையாத நம்பர் என்று ஆகிப்போனது.

கண்டக்டர் என்பவர் வெளிக்காட்டு வேலையை மேற்பார்க்கிறவர். யாருடைய வெட்டில் எத்தனை மரம் உயிரோடு இருக்கிறது என்று ஆண்டுதோறும் எண்ணி ஆபீசில் கொடுப்பதும் அவர் பொறுப்பு. பசுபதி வெயிலில் நடந்து எண்ணிய ஆளில்லை. முந்தின ஆண்டு எத்தனையோ, இந்த ஆண்டும் அத்தனை. மரங்களோ செத்துக்கொண்டே இருந்தன. வேரில் வெள்ளை பூத்துச் சாகும், இடி விழுந்து கருகும், காற்றில் சாயும். செத்த மரத்தை வேரோடு பிடுங்கி விறகு லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஒரு மழை பெய்து புல் மூடிவிட்டால் அங்கே மரம் நின்ற தடயமே இருக்காது. அந்த விறகுக் காசு யாருடைய பைக்குப் போனது என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும், ஆபீசுக்கு மட்டும் தெரியாது.

எழுபத்தொன்பதில் புதிதாக வந்த மானேஜர் ஒவ்வொருவருடைய பாலையும் மரக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அகத்தாவின் வெட்டில் நானூற்று எண்பத்தாறு மரத்துக்கு வர வேண்டிய பால் இரண்டு மூன்று ஆண்டுகளாகவே வரவில்லை. மானேஜர் கேட்டபோது பசுபதி சொன்ன பதில் இதுதான்: மரமெல்லாம் நன்றாகத்தான் நின்றது, போன மாதம் அடித்த காற்றில்தான் கொஞ்சம் சாய்ந்தது, அதை அப்புறப்படுத்தியாயிற்று, அதற்கு முன் குறைந்த பாலுக்கு அந்தப் பெண்தான் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, அவள் முகத்துக்கு நேரே கையை நீட்டி, "பால வெளிய விக்கிறா. திருடி" என்றார்.

அகத்தா அன்று மரத்துக்குப் போனாள், கணக்குப் போடவில்லை. திருட்டு என்று ஆபீசில் எழுதிவிட்டால் வேலை போகும், வேலையோடு லயத்து வீடும் போகும், சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது? செமிலிங் பக்கம் மோரிஸுக்கு ஒரு மாமன் இருந்தார். விசாரணைக்கு முன்பே நாமாகப் போய்விடலாம், கெட்ட பெயராவது எழுத்தில் ஏறாது என்று மோரிஸ் கெஞ்சினான். அகத்தா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். செத்த மரத்தில் பால் எடுக்க நான் என்ன அற்புதமா செய்கிறேன், போவதென்றால் நீ போ என்றாள். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது, அது அவளைத் தாங்கி நிறுத்தியது.

விசாரணை பெரட்டுக் களத்திலேயே நடந்தது. மானேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பினாங்குக்காரர், தமிழ் ஓரளவு புரியும். டக்ளஸ் பக்கத்தில் நின்றார். வெட்டுக்காரர்கள் வாளிகளைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். அகத்தா தன் வெட்டில் ஐம்பதுக்குக் குறையாமல் மரம் செத்துவிட்டது, அதில் பாதி பழைய சாவு என்றாள். எந்தெந்த மரம் என்று எண்ணோடு சொல்லவும் தொடங்கினாள். செல்லாயி ஆமாம் என்று தலையாட்டினாள். பசுபதி காத்திருந்தவர்போல முன்னால் வந்தார்.

"தொரே, மரம் எப்பச் செத்துச்சுன்னு இவ சொல்றதுக்கு என்ன சாட்சி? இவ கணக்கு எப்பேர்ப்பட்டதுன்னு கிராணியக் கேளுங்க. எவனாலயும் உடைக்க முடியாதுன்னு ரெண்டு வருசம் முந்தி மைக்குல சொன்ன நம்பர், இப்ப மெசின்ல உடைஞ்சு கெடக்கு. இவ எண்ணுன மரத்த நாம நம்பணுமா?"

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். டக்ளஸ் தலையைக் குனிந்துகொண்டார். பட்டர்வொர்த்தில் புதிதாக வாங்கிய கால்குலேட்டரை அவர் ராத்திரியும் பகலும் தட்டிக்கொண்டிருந்தார். அகத்தாவின் எண்ணை அதில் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசையாக ஆரம்பித்தவர், அது உடைந்ததைக் கண்டு திகைத்துப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பக்குவமாக அவளிடம் சொல்ல நினைத்திருந்தார். அதற்குள் காப்பிக்கடையில் வாய் தவறிப் பசுபதியிடம் உளறிவிட்டார்.

பெரட்டில் அகத்தா டக்ளஸைக் கிராணி என்றுதான் கூப்பிடுவாள். அன்று அது வாயில் வரவில்லை.

"உடைஞ்சிருச்சா தம்பி?"

"உடைஞ்சிருச்சுக்கா."

"எதுல?"

"முன்னூத்தி எழுபத்தொம்போதுல. அறுநூத்திப் பதிமூணு தடவ போவுது. மிச்சம் இல்ல."

அகத்தா கண்ணை மூடினாள். மானேஜர் ஏதோ கேட்க வந்தார், டக்ளஸ் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். முன்னூற்று எழுபத்தொன்பதை அறுநூறால் பெருக்கி, பதின்மூன்றால் பெருக்கி, இரண்டையும் கூட்டினாள். தன் எண் அப்படியே வந்து முன்னால் நின்றது. ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. திருடி என்று சொன்னபோதுகூட இப்படி வலிக்கவில்லை. அது பசுபதியின் பொய். இது அவளுடைய தப்பு, அதுவும் ஊரைக் கூட்டிச் சொன்ன தப்பு.

எங்கே விட்டோம் என்று நிரையில் நடந்து பார்த்தாள். மனத்துக்குள் ஒவ்வொரு மரமாகக் கடந்தாள். முன்னூற்று எழுபத்துமூன்றில் நின்றது நினைவிருக்கிறது, மிச்சமும் நினைவிருக்கிறது. முன்னூற்று எண்பத்துமூன்றும் அப்படித்தான். நடுவில் எழுபத்தொன்பதில் மிச்சம் எவ்வளவு என்று தேடினால் ஒன்றும் இல்லை. அங்கே அவள் நின்றதே இல்லை. சீவ மரம் இல்லாத இடத்தில் கை நிற்காது, கை நிற்காத இடத்தில் கணக்கும் நிற்கவில்லை. செத்த மரத்தின் எண்ணை அடுத்த மரத்துக்குக் கொடுக்கிற வழக்கமும் அவளுக்கு இல்லை, அந்த இடத்தை எண்ணில் மட்டும் வைத்துக்கொண்டு கடந்து போய்விடுவாள். இப்படிக் கடந்த மரங்கள் இன்னும் சில இருந்தன, அவற்றில் எண் உடையவில்லை. இந்த ஒன்றில் மாட்டிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்துச் செல்லாயிக்குப் பயமாகிவிட்டது.

"தொரே, கிராணி சொல்றது சரி. நம்பர் உடையுது. நான்தான் தப்பா சொன்னேன், எல்லாரும் கேட்டுக்குங்க," என்றாள் அகத்தா. குரல் எப்போதும்போல உரக்கவே வந்தது. "ஏன் தப்பாச்சுன்னும் சொல்றேன். நான் மரத்துக்கு மரம் நின்னுதான் வகுப்பேன். மரம் இல்லாத எடத்துல நிக்க மாட்டேன். முன்னூத்தி எழுபத்தொம்போதுல நான் நிக்கல. அப்பவே அங்க மரம் இல்ல. இடி விழுந்து, வெறகு லாரியில போயிருச்சு."

மானேஜருக்கு முழுவதும் பிடிபடவில்லை. டக்ளஸ் ஆங்கிலத்தில் விளக்கினார். மானேஜர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற மரங்களில் மட்டும் சரியாகப் போட்டாள் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்.

"கேளுங்க, சொல்றேன். முன்னூத்தி எழுபத்திமூணுல மிச்சம் முன்னூத்தி இருவத்தொண்ணு. எண்பத்திமூணுல எரநூத்தி இருவத்தொம்போது. மெசின்ல போட்டுப் பாருங்க."

டக்ளஸ் சட்டைப்பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தார். தட்டினார், பெருக்கினார், கழித்தார். இரண்டும் சரி என்றார். மானேஜர் அதைத் தன் கையில் வாங்கி, வேறு சில மரங்களைக் கேட்டார். அகத்தா சொல்லிக்கொண்டே போனாள், ஒரு மிச்சமும் தப்பவில்லை. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

இந்தக் கணக்கை அவள் முடித்தது எப்போது என்று மானேஜர் கேட்டார். எழுபத்தேழு திருவிழாவுக்கு முன்பு என்றார் டக்ளஸ். மைக்கில் சொன்னதே நான்தான், கண்டக்டரும் அங்கே இருந்தார், ரெண்டு வருசம் என்று இப்போது அவர் வாயாலேயே சொன்னார் என்றார். மானேஜர் பசுபதியைப் பார்த்தார். போன மாதக் காற்றில் சாய்ந்த மரம் இரண்டு ஆண்டுக்கு முன்பே எப்படி இல்லாமல் போனது என்று மெதுவாகத்தான் கேட்டார். பசுபதி தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு மரம் தவறியிருக்கலாம் என்று முணுமுணுத்தார். விறகு லாரிக்கு ரசீது எங்கே என்று மானேஜர் அடுத்துக் கேட்டதும், தொப்பியை மறுபடி கழற்றினார்.

அதோடு மானேஜர் எழுந்துவிட்டார். அகத்தாவின் மேல் குற்றம் இல்லை, எல்லா வெட்டிலும் மரத்தைத் திரும்ப எண்ண வேண்டும், கண்டக்டர் ஆபீசுக்கு வர வேண்டும், மற்றவர்கள் வேலைக்குப் போகலாம், வெயில் ஏறுகிறது என்றார். கூட்டம் கலகலத்தது. செல்லாயி ஓடி வந்து அகத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மோரிஸ் தான் வேலை செய்யும் பால் லாரியிலிருந்து குதித்து வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் அவள் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தூக்கும் காண்டாக் கம்பை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். ஆட்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கத் தொடங்கினார்கள். பசுபதி யாரையும் பார்க்காமல் ஆபீஸ் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

அகத்தா நகரவில்லை. டக்ளஸ் கிட்டே வந்தார்.

"முடிஞ்சிருச்சுக்கா. போங்க. நம்பர் விசயம் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சிருங்க."

"நம்பர் உடைஞ்சது உடைஞ்சதுதான் தம்பி, அதுக்கு எதுக்கு மன்னிப்பு. ஆனா அவரு என்னைய திருடின்னு சொன்னது ஆபீஸ் ரூம்புக்குள்ள இல்ல. இதே களத்துல, இத்தன பேரு முன்னாடி. வந்து இங்கேயே திருப்பி எடுத்துக்கட்டும்."

துரை போகச் சொல்லிவிட்டாரே என்றார் டக்ளஸ். மரம் காத்திருக்காது, பால் கட்டிவிடும் என்று மோரிஸ் சொன்னான். பாதையில் இறங்கியவர்கள் அங்கங்கே நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஆபீஸ் வாசலில் பசுபதியும் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றுவிட்டார்.

அகத்தா தன் வாளியை எடுத்துக் களத்தின் நட்டநடுவில் கவிழ்த்துப் போட்டாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதன் மேல் விரித்தாள். படிக்கட்டுக்கு நேரே முகத்தை வைத்து, காலை நீட்டி, உட்கார்ந்தாள்.